தோரோ தோட்டத்தில் விளைந்த 56 கிலோ பறங்கி

மார்கழி பிறந்துவிட்டால் கூட்டேரிப்பட்டு, மயிலம் பக்கத்துக் கிராமங்களில் வாசல் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து, அதில் பறங்கிப் பூவைச் செருகுவார்கள். பொங்கலன்று அதே கொடியின் காய் கூட்டாகவும் குழம்பாகவும் இலைக்கு வரும். கூரையிலோ வேலியிலோ குப்பைமேட்டிலோ தானாகப் படர்ந்து கிடப்பதால், பறங்கியை ஒரு பயிராகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால், உலகப் புகழ்பெற்ற ஓர் எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்து மூலையில் ஆறு பறங்கி விதைகளை ஊன்றினார். விளைந்த காய்களை எடை போட்டு, அந்தக் கணக்கை விவசாயிகள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி டேவிட் தோரோ. காந்தியடிகளின் சத்தியாகிரகத்துக்கு வலு சேர்த்த கட்டுரையை எழுதியவர் என்றே அவரை நாம் அறிவோம். அவர் விதைகளுக்காகத் தன் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டவரும் கூட.

அவரைக்காய் அல்ல, அவரை விதைக் கணக்கு

தோரோ 1817 ஜூலை 12-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கன்கார்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பென்சில் தயாரிப்பவர். ஹார்வர்டு கல்லூரியில் 1837-ல் படிப்பை முடித்த தோரோ, கொஞ்ச காலம் பள்ளி நடத்தினார். தந்தையின் தொழிலில் உதவினார். பிறகு நில அளவையராக வேலை பார்த்தார். படித்துவிட்டுக் காட்டிலும் வயலிலும் சுற்றுகிறவர் என்று ஊரார் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை.

1845 ஜூலையில் வால்டன் என்ற குளத்தின் கரையில் தானே ஒரு சிறு வீடு கட்டிக் குடியேறினார். பக்கத்தில் சுமார் இரண்டரை ஏக்கரில் பெரும்பகுதி பீன்ஸ் விதைத்தார். உருளைக்கிழங்கு, சோளம், பட்டாணியும் கொஞ்சம் போட்டார். வரவு 23 டாலர் 44 சென்ட். செலவு 14 டாலர் 72 சென்ட் சொச்சம். மிச்சம் 8 டாலர் 71 சென்ட் சொச்சம். செலவில் பாதி, ஏர் பிடித்தவருக்குக் கொடுத்த உழவுக் கூலி. காக்கை விரட்டக் கட்டிய கயிற்றுக்கான 2 சென்ட்கூட கணக்கில் உண்டு. ஆனால், தினமும் களை கொத்திய தன் சொந்த உழைப்புக்கு அவர் கூலி போடவில்லை. நம் ஊர் விவசாயிகள் பலரும் இன்றும் விட்டுவிடுவது அந்த ஒரு வரியைத்தான்.

குளக்கரையில் இரண்டு ஆண்டு, இரண்டு மாதம் இருந்தார். 1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் ஆட்கள் வந்து பனிக்கட்டி அறுத்ததைப் பார்த்தார். அந்த வட்டாரத்துப் பனிக்கட்டி அக்காலத்தில் பாஸ்டனிலிருந்து கப்பலேறி மெட்ராஸ் வரை வந்தது. அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று சென்னை மெரினாவில் நிற்கும் விவேகானந்தர் இல்லம்.

வால்டனில் இருந்தபோதுதான், அடிமை முறையை அனுமதிக்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார். அதையொட்டி அவர் எழுதிய கட்டுரையை 1907-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தி படித்து, தன் இந்தியன் ஒப்பீனியன் இதழில் அறிமுகப்படுத்தினார்.

ஆறு விதை, ஐந்து காய்

அந்த நாளில் அமெரிக்காவில் வேளாண் துறை என்று தனியாக இல்லை. காப்புரிமை அலுவலகமே வெளிநாட்டு விதைகளை வரவழைத்து மக்களுக்கு அனுப்பியது. அப்படி வந்த பெரிய மஞ்சள் பறங்கி விதைகள் ஆறினை 1857 வசந்தத்தில் தோரோ ஊன்றினார். முளைத்தது இரண்டு. ஒரு கொடியில் ஒரே காய், எடை 123.5 பவுண்டு, அதாவது 56 கிலோ. மற்றொன்றில் நான்கு காய்கள். மொத்தம் 84 கிலோவுக்கு மேல். எரு போட்டதும் களை கொத்தியதும் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. தோட்டத்து மூலையில் 140 கிலோ காய் கிடைத்தது.

பெரிய காய் அந்த ஆண்டு வட்டார விவசாயக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அதை வாங்கியவர், விதைகளை ஒன்று பத்து சென்ட் என்று விற்கத் திட்டமிட்டிருந்தாராம். தோரோ தன்னிடம் மிஞ்சிய விதைகளைப் பாதுகாத்தார். வேறோர் ஊருக்கு அனுப்பிய விதையும் அங்கே அதே போலக் காய்த்தது. பறங்கி இனங்களின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கிருந்து ஐரோப்பா போன விதை, பிரான்ஸ் நாட்டு ரகமாக மீண்டும் அமெரிக்காவுக்கே திரும்பியிருந்தது. நமக்கும் அது கடல் கடந்து வந்த காய்தான். பறங்கியர் கொண்டுவந்ததால் பறங்கிக்காய்.

விவசாயிகள் முன் ஓர் உரை

1860 செப்டம்பர் 20-ல் கன்கார்டில் நடந்த மாட்டுச் சந்தை விழாவில் விவசாயிகள் முன் தோரோ பேசினார். பைன் மரங்களை வெட்டிய இடத்தில் ஓக் மரங்கள் முளைப்பது ஏன் என்பது அங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் கேள்வி. விதை இல்லாமலே செடி தோன்றும் என்று நம்பியவர்கள் அப்போது பலர். காற்றும் அணிலும் பறவையும் விதைகளைக் கொண்டுபோய்ப் போடுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்திருந்தார் அவர். விதை இல்லாமல் எதுவும் முளைப்பதில்லை என்பதே அவர் சொன்ன பதில். ஒரு சிறு விதைக்குள் இருக்கும் ஆற்றலுக்குச் சான்றாக அந்த மேடையில் அவர் எடுத்துக்காட்டியது தன் பறங்கியைத்தான். ஊர் பொருட்படுத்தாத மனிதரின் கவனிப்பு, அன்று விவசாயிகளின் கேள்விக்கு விடையானது.

அந்த டிசம்பரில், வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணப் போனவருக்குச் சளி பிடித்தது. காசநோய் முற்றியது. 1862 மே 6-ல், 44 வயதில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து அமெரிக்க வேளாண் துறையை அமைக்கும் சட்டம் கையெழுத்தானது. விதை பரவுவது பற்றி அவர் எழுதி முடிக்காத கையெழுத்துப் பிரதி 1993-ல்தான் நூலாக வந்தது.

நம் தோட்டத்துக்கு

தோரோ வளர்த்தது ராட்சதப் பறங்கி இனம். நாம் வளர்ப்பது வேறு இனம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் காய்க்கு 7 முதல் 8 கிலோ வரும். கோ 2 ஒன்றரை முதல் 2 கிலோ. ஆனால், அவர் கடைப்பிடித்த முறை நமக்கும் பொருந்தும்.

ஆடியிலோ தையிலோ ஓர் அடி ஆழ, அகலக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு, ஐந்து விதை ஊன்றுங்கள். இரண்டு வாரம் கழித்து நல்ல நாற்று இரண்டை மட்டும் விடுங்கள். காய் பெரிதாக வேண்டுமானால் கொடிக்கு ஒன்றிரண்டு பிஞ்சுகளை நிறுத்தி, அடியில் வைக்கோல் பரப்புங்கள். கோலத்துக்குப் பூப் பறிக்கும்போது, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவை விட்டு ஆண் பூவை எடுங்கள்.

விதைக்கு நிறுத்தும் காய் என்றால், மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையில் நூலால் கட்டுங்கள். காலையில் பிரித்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பறங்கியின் மகரந்தம் கலக்காது. பூசணியும் சுரையும் அருகில் இருந்தால் கவலை இல்லை. அவை பறங்கியோடு கலப்பதில்லை. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைப்பதில் பயனில்லை. அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. நாட்டு ரகமே விதைக்கு நல்லது.

காம்பு காய்ந்த பழத்திலிருந்து விதை எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். உறையின் மேல் ஆண்டையும், காயின் எடையையும் எழுதுங்கள். எத்தனை விதை ஊன்றினீர்கள், எத்தனை முளைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்த ஆடியில் எந்த விதையை நம்பலாம் என்று அந்த உறையே சொல்லும்.