காயிதே மில்லத் கேட்ட உரிமையும் நம் வீட்டுப் பாகப்பிரிவினையும்

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். நம் சங்கரன்கோவில் 2019 வரை இருந்த அதே திருநெல்வேலி மாவட்டத்தில், பேட்டையில், 1896 ஜூன் 5 அன்று பிறந்தவர்கள். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார்கள். தோல் வணிகம் செய்தார்கள். 1946 முதல் 1952 வரை சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் பற்றிய 35ஆம் வரைவுப் பிரிவு விவாதத்திற்கு வந்தது. தனக்கென்று தனியார் சட்டம் உள்ள எந்தச் சமூகமும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள். குடும்ப விவகாரங்களில் தம் சட்டத்தைப் பின்பற்றுவது அடிப்படை உரிமை என்று வாதிட்டார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை. அந்தப் பிரிவே இன்று 44ஆம் பிரிவாக, நீதிமன்றம் மூலம் செயல்படுத்த முடியாத வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது.

அவர்கள் காக்க நினைத்தது எது? நிக்காஹ், மஹர், தலாக், குல்உ, ஜீவனாம்சம், ஹிபா, வக்ஃப், வாரிசுரிமை ஆகியவற்றில் ஊர் வழக்கத்தை ஒதுக்கி ஷரீஅத்தை நிலைநிறுத்தியது 1937ஆம் ஆண்டுச் சட்டம். விவசாய நிலம் மட்டும் அதில் விடுபட்டிருந்தது. அவர்கள் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. வயலிலும் தோட்டத்திலும் மகளுக்குள்ள பங்கு அப்போதுதான் இங்கே சட்டமானது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். குடும்பத் தலைவர் மவுத்தானால் முதலில் கஃபன், அடக்கச் செலவு, அடுத்து கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், அதன்பின்தான் வாரிசுப் பங்கு. கொடுக்காத மஹரும் கடன்தான். நிக்காஹ் என்னும் ஒப்பந்தத்தில் கணவர் ஏற்ற கடமை அது. மனைவிக்கு அதைக் கொடுத்த பிறகே சொத்தைப் பிரிக்க வேண்டும். மனைவி என்ற முறையில் அவருக்குள்ள வாரிசுப் பங்கு வேறு.

ஆனால் நடப்பது என்ன? மஹர் ஜமாஅத் பதிவேட்டில் எழுத்தாகவே நிற்கிறது. கல்யாணத்தில் நகை போட்டோமே என்று சொல்லி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். சீர் கொடுத்ததால் மகளின் பங்கு தீர்ந்துவிடாது. தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, மனம் ஒப்பி அவள் விட்டுக்கொடுத்தால் அது வேறு. கூச்சத்துக்கும் நெருக்கடிக்கும் வாங்கிய கையெழுத்து மறுமையில் நம்மைக் காப்பாற்றுமா?

ஆகவே வாரிசுச் சான்றிதழ் கிடைத்ததும் ஆலிம் ஒருவரிடம் பங்குகளைக் கணக்கிட்டு வாங்குவோம். சகோதரிகளையும் உட்காரவைத்துப் பேசுவோம். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து பட்டாவையும் மாற்றிவிடுவோம்.

காயிதே மில்லத் அவர்கள் 1972 ஏப்ரல் 5 அன்று மறைந்து, சென்னை வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். ஷரீஅத் சட்டம் வேண்டும் என்று அவர்கள் பெயரால் மேடையில் கேட்கும் நாம், அதே சட்டம் நம் சகோதரிக்குத் தரும் பங்கைக் கொடுத்துவிட்டோமா? அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. பிறர் ஹக்கைத் தீர்த்துவிட்டுப் போகும் பாக்கியத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.