இல்லறத்தில் இறைவனைக் கண்ட முன்சீப்

அர்ச்சிஷ்டவர்களின் வரலாறுகளை நாம் வகுப்பிலும் ஆலயத்திலும் அடிக்கடி கேட்கிறோம். அவர்களுள் பலர் துறவிகள், சிலர் வேதசாட்சிகள். நம் வீடுகளின் நிலை வேறு. அப்பா காலையில் வேலைக்குப் புறப்படுகிறார். அம்மாவுக்கு அடுப்படியில் ஓய்வில்லை. கடன், காய்ச்சல், பரீட்சை, கல்யாணம் என்று நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சந்தடியில் விசுவாசத்திற்கு இடம் எங்கே என்று நாம் நினைப்பதுண்டு. மனைவி மக்களோடு வாழ்ந்து, சர்க்கார் உத்தியோகமும் பார்த்து, இறைவனையும் விடாது பற்றிக்கொண்ட ஒரு தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாறு இதற்கு நல்ல விடையாகும். அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பாடப் புத்தகத்தின் வழியாக நாம் அறிந்தவர்தாம். அவரைக் குடும்பத் தலைவராகவும், பெண்களின் கல்விக்குப் பரிந்து பேசியவராகவும் இங்கே காண்போம்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஓர் அறிஞரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். அதே நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் சிறு வேலையில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். முப்பது வயதை ஒட்டி மாவட்ட முன்சீப் பதவி அவரைத் தேடி வந்தது. தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய ஊர்களில் பணியாற்றிய பின் மாயூரத்திற்கு வந்தார். இன்று மயிலாடுதுறை எனப்படும் அவ்வூரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

முன்சீப் நீதிமன்றம் ஏழை எளியவர்கள் ஏறி இறங்கும் இடம். வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை என்று குடும்பங்களின் கண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அக்காலத்தில் மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. எந்தச் சட்டத்தால் தன் நிலம் போயிற்று என்பதைக் கூட ஒரு குடியானவன் அறிய முடியாது. இந்த அநியாயத்தைக் கண்ட வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862-ல் வெளியிட்டார். தமிழ் நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்பதையும் வற்புறுத்தி எழுதினார். லஞ்சத்தை அவர் அடியோடு வெறுத்தார். 1859-ல் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைச் சாடும் பாடல்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வணங்கும் இறைவனைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் மறந்துவிடலாகாது என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் முதல் பாடம்.

வீட்டில் அவருக்கு இன்பமும் துன்பமும் கலந்தே வந்தன. மனைவியை இழக்கும் துயரம் அவருக்கு ஒருமுறைக்கு மேல் நேர்ந்தது. பிரசவமும் காய்ச்சலும் எத்தனையோ தாய்மாரைக் கொண்டு சென்ற காலம் அது. தாயில்லாப் பிள்ளைகள் உள்ள வீட்டின் நிலையை அவர் பிறர் சொல்லிக் கேட்டறிய வேண்டியதில்லை. ஆயினும் அவர் நம்பிக்கை இழக்கவில்லை; நகைச்சுவையையும் இழக்கவில்லை. தேவமாதாவின் மீது அந்தாதி பாடினார். இறைவனின் திருவருளை வேண்டிப் பல நூல்கள் செய்தார். 1878-ல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் கடவுளைத் துதிக்கும் பாடல்களோடு, குடும்பத்தைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் கீர்த்தனைகள் இடம்பெற்றன. வீட்டுக் கவலையையும் கச்சேரித் தொல்லையையும் ராகத்தோடு பாடி ஆண்டவன் முன்னிலையில் வைக்கலாம் என்று அவர் எண்ணினார். வாய்விட்டுச் சொல்லும் கவலையும் ஒரு ஜெபம் அல்லவா? எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க அப்பாடல்கள் சங்கீத மேடைகளில் ஒலித்து வருகின்றன.

தம் விசுவாசத்தில் உறுதியாக நின்ற அவர், பிற சமயத்தாரோடு நெருங்கிப் பழகினார். சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உயிர் நண்பர். வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை என்னும் நூலையே அவர் இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அவரிடம் மிகுந்த அன்பு கொண்டிருந்தார். மகாவித்துவானிடம் மாணவராக இருந்த உ. வே. சாமிநாதையர் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் இந்த நட்பை மகிழ்ந்து குறித்திருக்கிறார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது, ஏரிகள் வறண்டன, மக்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டினியால் மடிந்தனர். வேதநாயகம் பிள்ளை அப்போது முன்சீப் பதவியில் இல்லை, 1872-லேயே விலகிவிட்டார். இருந்தும் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இந்த ஈகையைக் கண்டு நெகிழ்ந்து அவர் மீது ஒரு கீர்த்தனை பாடினார். குடும்பஸ்தரின் கைப்பொருள் என்பது பிள்ளைகளின் நாளைய சோறு. அதிலிருந்து எடுத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊற்றினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, மாணவியராகிய நமக்கு மிகவும் வேண்டிய செய்திக்கு வருவோம். பெண் படித்தால் அடங்கமாட்டாள், கடிதம் எழுதிக் கெட்டுப்போவாள் என்றெல்லாம் பெரியவர்களே பேசிய காலத்தில், பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று அவர் துணிந்து எழுதினார். நீதிநூலிலேயே மாதரைப் படிப்பிப்பது பற்றித் தனியாகப் பாடினார். 1869-ல் பெண்மதி மாலை வெளிவந்தது. பெண் கல்வி என்னும் உரைநடையையும் எழுதி, எதிர்ப்பாளர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். பிள்ளைக்கு முதல் ஆசிரியை தாயே என்பதால், தாயின் அறியாமை அவளோடு நிற்காமல் குடும்பம் முழுவதையும் இருட்டாக்கும் என்பது அவர் கருத்து.

1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் இக்கருத்துக்கு உயிர் கொடுத்தார். அந்நாவலின் தலைவி ஞானாம்பாள் படித்தவள், விவேகி. சட்டமும் ஒழுங்கும் குலைந்த விக்கிரமபுரியில் கணவன் சிறைப்பட, அவனைத் தேடி ஆண் வேடத்தில் செல்கிறாள். அந்நாட்டு வழக்கப்படி யானை அவள் கழுத்தில் மாலையிட, அரசுரிமை அவளைச் சேர்கிறது. அவள் கணவனை மீட்பதோடு நில்லாமல் அந்நாட்டையும் சீர்படுத்துகிறாள். தமிழின் முதல் நாவலிலேயே ஒரு பெண் நாடாளுகிறாள் என்பது நமக்குப் பெருமையல்லவா?

ஆனால் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அவரும் தம் காலத்தின் மனிதரே. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிந்து நடப்பதைப் பற்றி அவர் பெண்களுக்குக் கூறிய அறிவுரைகள் சிலவற்றை இன்று நாம் அப்படியே ஏற்க மாட்டோம். நல்ல இல்லத்தரசியாக விளங்குவதற்கே படிப்பு என்ற எல்லையிலும் அவர் பெரும்பாலும் நின்றார். எனினும் பூட்டிய கதவைத் திறந்துவிட்டவர் அவர். திறந்த வழியே எவ்வளவு தூரம் செல்வது என்பது பின்வந்தவர்களின் பொறுப்பு.

அப்படிச் சென்ற ஒருவர் நம் புதுக்கோட்டையின் மகள். வேதநாயகம் பிள்ளை 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1886-ல், புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. அவருடைய தந்தையார் நாராயணசாமி ஐயர் ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளை வீட்டில் வைத்தே படிப்பித்தார். பின்னர் ஆண்களே பயின்ற மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புக்கிடையே, மன்னரின் அனுமதியோடு அவர் சேர்ந்தார். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார், சட்டசபையில் அமர்ந்தார், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். வேதநாயகம் பிள்ளையின் மாணவியும் அல்லர். ஆயினும் படித்த மகளால் குடும்பம் கெடாது, நாடே நலம் பெறும் என்ற முன்சீப்பின் வாதத்திற்கு நம் ஊரிலேயே எழுந்த சாட்சி அவர்.

அன்புள்ள பெற்றோரே, இன்றும் நம் கிராமங்களில் பத்தாம் வகுப்போடு போதும் என்று பெண்ணை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. தம்பியைப் படிக்க வைக்க அக்காளின் படிப்பு நிற்கிறது. வரன் வந்தால் பாதியில் நிற்கிறது. அந்த முடிவை எடுக்கும் இரவில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கத்தோலிக்கத் தந்தை இதைப் பற்றி எண்ணியிருக்கிறார் என்பதைத் தயவுசெய்து நினைத்துக்கொள்ளுங்கள். ஜெபமாலை சொல்லி முடித்தபின் மகளின் பாடப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பதும் ஒரு பக்தியே.

அருமைத் தோழியரே, வேதநாயகம் பிள்ளை பீடத்தில் வைத்து வணங்கப்படும் அர்ச்சிஷ்டவர் அல்லர். வேலைக்குச் சென்று, பிள்ளைகளை வளர்த்து, இழப்புக்கு அழுது, பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றி, இரவில் எழுதுகோலைப் பிடித்த ஒரு குடும்பத் தலைவர். அதனாலேயே அவர் நமக்கு எட்டாதவர் அல்லர். நாம் நன்கு படிப்போம். படித்ததைக் கொண்டு நம் இல்லங்களிலும் ஊரிலும் உண்மைக்கும் இரக்கத்திற்கும் இடம் தேடுவோம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.