எட்வர்டு ஃபோர்ப்ஸ்

எட்வர்டு ஃபோர்ப்ஸ் (பெப்ரவரி 12, 1815 – நவம்பர் 18, 1854) மான் தீவில் பிறந்த இயற்கையியலாளர் ஆவார். கடல்வாழ் உயிரினங்கள், புதைபடிவங்கள், தாவரங்களின் புவியியற் பரவல் ஆகியவை இவரது ஆய்வுத் துறைகள். விருத்தாச்சலம், புதுச்சேரி, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் புதைபடிவங்களை விரிவாக விவரித்தவர் என்ற வகையில் தமிழ்நாட்டு நிலவியல் வரலாற்றிலும் இவருக்கு இடமுண்டு. இவர் சார்லஸ் டார்வினின் நண்பர். எனினும் இவரது முதன்மையான கருத்தொன்றை டார்வின் இறுதிவரை ஏற்கவில்லை.

வாழ்க்கை

ஓவியம் கற்க இலண்டன் சென்று, அது கைகூடாமல் எடின்பரோவில் மருத்துவம் பயின்று, அதனையும் 1836இல் கைவிட்டார். 1841–42இல் பீக்கன் என்ற கப்பலில் ஏஜியன் கடலில் வலையிட்டு உயிரினங்களைச் சேகரித்தார். ஆழம் கூடக்கூட உயிரினங்கள் குறைவதைக் கண்டு, ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது எனக் கருதினார். இது தவறென்பது பிற்கால ஆழ்கடல் ஆய்வுகளால் தெளிவாயிற்று. 1842இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். நிலவியற் கழகத்தின் சேகரிப்புகளும் அவர் பொறுப்பில் வந்தன.

தென்னிந்தியப் புதைபடிவங்கள்

சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் ஆகிய இருவர் மேற்கண்ட மூன்று பகுதிகளிலும் புதைபடிவங்களைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினர். இந்தியாவுக்கு வந்தேயிராத ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1846இல் வெளியானது. இவை கிரீத்தேசியக் காலத்தைச் சேர்ந்தவை என்றும், புதுச்சேரிப் படிவுகளே மூன்றினுள் பழமையானவை என்றும் அவர் கணித்தார். காலத்தைப் பற்றிய கணிப்பு சரி. பழமையைப் பற்றியது தவறு. புதுச்சேரிப் படிவுகள் அக்காலத்தின் இறுதிப் பகுதிக்கு, அதாவது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்துக்கு, உரியவை என இன்று அறியப்படுகிறது.

அம்மோனைட்டு என்பது சுருள் ஓடு கொண்ட, அற்றுப்போன கடல்வாழ் மெல்லுடலி ஆகும். தம் கைக்கு வந்த அம்மோனைட்டு இனங்களுக்கு ஃபோர்ப்ஸ் பிரம்மா, விஷ்ணு, சிவா, இந்திரா, வருணா, சூர்யா எனப் பெயரிட்டார். (திருமாலின் வடிவமாக வணங்கப்படும் சாளக்கிராமமும் அம்மோனைட்டுப் பதிவு கொண்ட கல்லே. விருத்தாச்சலத்தை அடுத்த ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாளின் மூலவர் திருமேனி சாளக்கிராமத்தால் ஆனதென நம்பப்படுகிறது.) பேரினப் பெயர்கள் பின்னர் மாறினாலும் இச்சிற்றினப் பெயர்கள் வழக்கில் உள்ளன.

டார்வினுடன் நட்பும் கருத்து வேறுபாடும்

டார்வினின் தென்னமெரிக்க நிலவியல் நூலுக்காக (1846) அங்கிருந்து வந்த தொன்மையான சிப்பிகளை ஃபோர்ப்ஸ் விவரித்துக் கொடுத்தார். அதற்கு முன்பே, 1844 சூலையில், தாம் இறந்துவிட்டால் தம் வெளியிடப்படாத இயற்கைத் தேர்வுக் கட்டுரையைப் பதிப்பிக்கத் தகுந்தவர்களின் பெயர்களை டார்வின் மனைவிக்கு எழுதி வைத்திருந்தார். அதில் சார்லஸ் லயலை அடுத்து ஃபோர்ப்ஸின் பெயர் இருந்தது. பிற்பாடு அவ்விடத்துக்கு ஜோசப் ஹூக்கரையே டார்வின் விரும்பினார்.

அதே 1846இல் ஃபோர்ப்ஸ் பிரித்தானியத் தாவரங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். மலையுச்சிகளில் தனித்து நிற்கும் குளிர்ப்பகுதிச் செடிகள் பனியூழிக் காலத்தின் எச்சங்கள் என்றார். இதனை டார்வின் முன்னரே எழுதி, வெளியிடாமல் வைத்திருந்தார். முந்திக்கொள்ளப்பட்ட வருத்தம் அவருக்கு நெடுநாள் இருந்ததைத் தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் முன்னுரிமை கோரி அவர் அச்சில் எதுவும் எழுதவில்லை.

சிக்கல் எழுந்தது கட்டுரையின் மற்றொரு பகுதியில். அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் ஒரே செடிகள் காணப்படுவதை விளக்க, அட்லாண்டிக்கில் அசோர்சு வரை நீண்ட நிலப்பரப்பு ஒன்று மூழ்கிப் போனதாக ஃபோர்ப்ஸ் கூறினார். (தமிழர் நன்கறிந்த இலெமூரியாவும், 1864இல் ஸ்கிளேட்டர் முன்வைத்தது, இவ்வகைக் கருத்தே.) ஹூக்கரும் இத்தகைய நில இணைப்புகளின் பக்கம் சாய்ந்தார். வேண்டிய இடத்திலெல்லாம் கண்டங்களை உண்டாக்குவதை டார்வினால் ஏற்க முடியவில்லை. அவர் விதைகளை உப்புநீரில் ஊறவைத்துப் பார்த்தார்: 87 வகைகளில் 64 வகைகள் 28 நாட்களுக்குப் பின்னும் முளைத்தன. கடலைக் கடக்க விதைக்கு நிலம் தேவையில்லை என்ற இவ்விடை வந்தது 1855இல். ஃபோர்ப்ஸ் அப்போது உயிருடன் இல்லை.

இறுதிக் காலம்

1854இல் தாம் நெடுநாள் விரும்பிய எடின்பரோ பேராசிரியர் பதவியைப் பெற்ற ஃபோர்ப்ஸ், சில மாதங்களிலேயே தமது 39ஆம் அகவையில் காலமானார். இலண்டனில் அவர் விட்டுச்சென்ற ஆசிரியப் பணியைத் தாமஸ் ஹக்சிலி ஏற்றிருந்தார். உயிரினங்கள் நிலவியற் காலங்களில் இரு முனைகளாகத் திரண்டுள்ளன என்ற ஃபோர்ப்ஸின் கடைசிக் கருத்தை மறுக்க விரும்பியே ஆல்பிரடு வாலேசு சரவாக்கில் தமது புகழ்பெற்ற 1855ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதினார்.