வடிவத்தின் இலக்கணம் கண்டவர்

நுழையும்முன்

ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் மகிழுந்து ஒன்று உருவாகும்போது முதலில் அதன் எஃகுக் கூடு அமைகிறது. பொறியும் சக்கரமும் இருக்கையும் அதன் பின்னரே தத்தம் இடத்தில் பொருந்துகின்றன. நம் உடலின் செல்களுக்கும் அத்தகைய உட்கூடு உண்டு. புரத இழைகளே அக்கூட்டை அமைக்கின்றன. புரதங்கள் எவ்வாறு வளையலாம், எவ்வாறு வளைய இயலாது என்னும் விதி, தொழிற்சாலைகள் நிறைந்த இந்நெடுஞ்சாலைக்கு அணித்தாக உள்ள சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அதனைக் கண்டவர் அறிவியலறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். தந்தையிடமிருந்து கணித ஆர்வம் மகனுக்கும் வந்து சேர்ந்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், 1942 இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி. வி. இராமன் அவரது திறனைக் கண்டு தம் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். அம்மாற்றமே அவர் வாழ்வின் திசையை உறுதி செய்தது.

பின்னர், 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்குமாறு இராமனை அழைத்தார். இராமனோ தமக்குப் பதிலாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952 இல் இராமச்சந்திரன் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு அகவை 29.

மூன்று புரிக் கயிறு

அவ்வேளையில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலிமை தருவது கொலாஜன். விலங்குகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதமும் அதுவே. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. பதனிட்ட தோல் என்பதே கொலாஜன் இழைகளின் தொகுதி ஆதலால், அந்நிறுவனத்தின் துணை ஆய்வுக்குப் பெரிதும் பயன்பட்டது. கங்காருவின் வால் தசைநாணை ஊடுகதிர்ப் படமெடுத்தபோது தெளிவான படங்கள் கிடைத்தன.

இராமச்சந்திரனும் அவருடைய உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் அப்படங்களைக் கொண்டு கணக்கிட்டனர். மூன்று புரதச் சங்கிலிகள் கயிற்றின் புரிகளைப் போல் இணைந்திருக்கும் அமைப்பை 1954 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அதனை மேலும் செப்பம் செய்து, அம்மூன்று புரிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன என விளக்கினர்.

குறைகூறலும் விடைதேடலும்

அவ்வாண்டிலேயே பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகிய இருவரும் அம்மாதிரியில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினர். அதில் சில அணுக்கள், இயற்கையில் இருக்க இயலாத அளவுக்கு நெருங்கி உள்ளன என்பது அவர்கள் கருத்து. கிரிக், டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டு உலகப் புகழ் பெற்றிருந்தவர். அவருடைய மறுப்பு ஓர் இளம் ஆய்வுக்கூடத்தின் நம்பிக்கையைக் குலைத்திருக்கக் கூடும்.

இராமச்சந்திரன் அம்மறுப்பையே ஆய்வுப் பொருளாக மாற்றினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு உறுதியான அளவு உண்டா என்று வினவினார். அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அணுக்களிடையே உள்ள தொலைவுகளைத் தொகுத்தார். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அவருடன் உழைத்தனர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் சங்கிலி திரும்புவதற்கு முதன்மையாக இரண்டு கோணங்கள் உண்டு. அவ்விரு கோணங்களும் எந்தெந்த மதிப்புகளைப் பெறும்போது அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். தமிழில் எல்லா எழுத்தும் மொழிக்கு முதலில் வருவதில்லை. எல்லா மெய்யும் எல்லா மெய்யோடும் மயங்குவதில்லை. அதுபோலவே எல்லாக் கோணமும் புரதத்திற்கு இசைவதில்லை. இசையும் இடங்களையும் இசையா இடங்களையும் காட்டும் படம் 1963 இல் வெளியாயிற்று. அதுவே இன்று உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப்படுகிறது.

கொலாஜன் மூன்று புரிகளின் முறுக்கு என்னும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. ஆயினும், அக்கருத்தை முன்வைத்தபோது எழுந்த மறுப்புக்கு விடையாகப் பிறந்த வரைபடமே அதனினும் பெரிய கொடையாயிற்று.

நரம்பு செல்லின் உட்கூடு

இராமச்சந்திரன் நரம்பு செல்லை நேரடியாக ஆராயவில்லை. எனினும் அவர் கண்ட விதி அங்கும் ஆட்சி செய்கிறது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பு செல்லின் ஆக்சான் ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுடையது. இத்துணை நீண்ட மெல்லிழை தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளக் காரணம் அதன் உட்கூடே.

அக்கூட்டில் மூவகை இழைகள் உள்ளன. ஏறத்தாழ 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள், ஆக்சானின் நெடுக்கே தண்டவாளம்போல் அமைந்துள்ளன. செல் உடலில் உருவாகும் பொருள்களை இயக்கப் புரதங்கள் அவற்றின்மீது சுமந்து செல்கின்றன. சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள நரம்பிழைகள் ஆக்சானின் பருமனைப் பேணுகின்றன. ஆக்சான் பருத்திருந்தால் அதில் செய்தி விரைந்து செல்லும். அவற்றினும் மெல்லிய ஆக்டின் இழைகள், வளரும் நுனிக்கு வழிதேடும் ஆற்றலைத் தருகின்றன.

இவ்விழைகள் யாவும் புரதங்களே. நுண்குழலைக் கட்டும் டியூபுலின் புரதத்தின் முப்பரிமாண அமைப்பு 1998 இல் வெளியாயிற்று. இத்தகைய அமைப்பு எதனைக் கண்டாலும், அதன் கோணங்களை இராமச்சந்திரன் வரைபடத்தில் குறித்துச் சரிபார்ப்பது ஆய்வாளர் மரபாகியுள்ளது. தொழிற்சாலையில் உதிரிப்பாகத்தை அளவுகோலில் வைத்துத் தரம் பார்ப்பதைப் போன்றது இது.

இறுதிக் காலம்

1970களின் தொடக்கத்தில் இராமச்சந்திரன் பெங்களூருக்கு மீண்டு, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1999 இல் படிகவியலுக்கான எவால்டு பரிசு அவரைத் தேடி வந்தது.

முதுமையில் அவரைப் பார்க்கின்சன் நோய் பற்றியது. மூளையின் சில நரம்பு செல்கள் படிப்படியாக அழிவதால் உடலின் இயக்கம் தளரும் நோய் அது. முறையாக மடியாத புரதம் அச்செல்களுக்குள் திரள்வது அந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. புரதம் மடியும் விதியை உலகிற்கு உணர்த்தியவர், புரத மடிப்பு பிறழும்போது நேரும் துன்பத்தைத் தம் உடலிலேயே தாங்கினார். 2001 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். அந்நோய்க்கு மருந்து தேடும் ஆய்வாளர்களின் கைகளில் இன்றும் அவருடைய வரைபடம் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

உடலைப் பல கோணங்களில் ஊடுகதிர்ப் படமெடுத்து, அவற்றிலிருந்து உள்ளுறுப்பின் முழு உருவத்தைக் கணக்கிட்டுப் பெறும் முறையொன்றை இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971 இல் வெளியிட்டனர். மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் உருவங்களைப் பெறுவதற்கு இத்தகைய கணக்கீடு அடிப்படையாக உள்ளது.

கற்பவை கற்றபின்

1. மெய்ம்மயக்க விதிகளையும் இராமச்சந்திரன் வரைபடத்தையும் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. உம் கருத்துக்கு எழுந்த மறுப்பு ஒன்று, புதிதாகக் கற்க உமக்கு எவ்வாறு உதவியது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.