மரியா அன்யேசி அம்மையார் (1718–1799)

எமது கல்லூரியில் உயர்தர வகுப்பிலே கணிதம் கற்ற தோழியருக்குத் தொகையீடு என்றதும் கொப்பி கொப்பியாகச் செய்த பயிற்சிக் கணக்குகள்தாம் நினைவுக்கு வரும். பிரதியீடா, பகுதிகளாகத் தொகையிடலா, பகுதிப் பின்னங்களா என்று தெரிவதிலேயே பாதி நேரம் போய்விடும். உயிரியல் பிரிவிலிருந்த நாம் அதை எட்ட நின்று பார்த்தவர்கள். அந்தக் கணிதத்தைத் தொடக்கநிலையிலிருந்து ஒழுங்குபடுத்திக் கற்பித்த முதல் நூல்களுள் ஒன்று ஒரு பெண்ணின் ஆக்கம் என்பதை நம்மில் பலர் அறியோம்.

மரியா கயெத்தானா அன்யேசி 1718 மே 16 இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். பட்டு வணிகத்தால் செல்வம் சேர்த்த குடும்பம். தந்தையார் மூன்று முறை மணம் முடித்தவர். இருபத்தொரு பிள்ளைகளில் மூத்தவர் மரியா. ஒன்பது வயதில் பெண்கல்வியை ஆதரித்து லத்தீனில் உரையாற்றினார். வீட்டுக்கு வரும் அறிஞர் முன்னிலையில் மகளை வாதிடச் செய்வதில் தந்தைக்குப் பெருமை. பன்னிரண்டு வயதளவில் அவருக்கு வலிப்பு நோய் கண்டது. படிப்பு மிகுந்ததே காரணமென்று கருதிய மருத்துவர்கள் நடனமும் குதிரைச் சவாரியும் விதித்தார்கள். வலிப்புள்ள பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதை இன்று மருத்துவர்கள் எளிதில் ஒப்பமாட்டார்கள்; நோயும் தணியவில்லை, கூடியது.

இருபது வயதளவில் துறவு மடத்தில் சேர விரும்பினார். தந்தை இசையவில்லை. எளிய உடை, விரும்பியபோது கோயில், நடன விருந்துகளிலிருந்து விடுதலை என்ற நிபந்தனைகளுடன் வீட்டிலேயே தங்கினார். ரம்பினெல்லி என்ற துறவியிடம் உயர்கணிதம் கற்றது அதன் பிறகுதான்.

1748 இல் அவருடைய நூல் இரு பாகங்களாக வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். நியூற்றனும் லைப்னிற்சும் அவர்களுக்குப் பின்வந்தோரும் கண்டவை பல மொழிகளில், பல ஏடுகளில் சிதறிக் கிடந்தன. புதிதாய்ப் படிப்பவர் எங்கே தொடங்குவது? அன்யேசி அவற்றை அட்சரகணிதத்திலிருந்து வகையீடு, தொகையீடு, வகையீட்டுச் சமன்பாடுகள் என்று படிப்படியாக அடுக்கி, உதாரணங்களைச் செய்து காட்டினார். அறிஞரின் லத்தீனை விடுத்து இத்தாலிய மொழியில், இளையோருக்கென்றே எழுதினார். அச்சகத்தார் தம் இயந்திரங்களை அவர் வீட்டிலேயே நிறுவினர். எழுத்துக் கோப்பதை அவரே மேற்பார்த்தார். புதிய தேற்றம் எதையும் அவர் தரவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. படிப்பித்துப் பழகியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நூலைப் பெற்ற பேரரசி மரியா தெரேசா வைர மோதிரமும் நகைகளும் அனுப்பினார். 1750 இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ற் பொலோனியாப் பல்கலைக்கழகத்தில் பதவி அளித்தார். அவர் அங்கு சென்று கற்பிக்கவேயில்லை.

1752 இல் தந்தை காலமானார். அத்துடன் கணிதமும் நின்றது. 1762 இல் இளம் லக்ராஞ்சின் ஆய்வு பற்றித் தூரின் பல்கலைக்கழகம் கருத்துக் கேட்டபோது, தாம் இப்போது அத்துறையில் இல்லையென மறுத்துவிட்டார். நோயுற்ற ஏழைப் பெண்களைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார். பேரரசியின் பரிசுகளையும் அதற்காக விற்றார். 1771 இல் திரிவுல்சியோ ஆதரவு இல்லம் தொடங்கியபோது பெண்கள் பிரிவின் பொறுப்பேற்று, பின்னர் அங்கேயே குடியேறினார். ஒரு மேதை வீணானார் என்று வரலாற்றாசிரியர் சிலர் வருந்துகின்றனர். வாட்டில் இரவுக் கடமை பார்த்த நமக்கு அந்த வருத்தம் வருவதில்லை. தந்தை கேட்டதைக் கொடுத்து முடித்தபின், தாம் முதலில் விரும்பிய வாழ்வுக்கே அவர் போனார்.

1799 ஜனவரி 9 இல் இறந்தார். இல்லத்து மூதாட்டியர் பதினைவருடன் ஒரே பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நூலில் ஒரு வட்டத்திலிருந்து வரையும் வளைகோடு உண்டு. அதன் கீழுள்ள முழுப் பரப்பைத் தொகையிட்டால் அவ்வட்டத்தின் நான்கு மடங்கு வரும். தான்சன் பிரதியீட்டைப் பழக நல்ல கணக்கு. வெர்சியேரா என்ற அதன் பெயர் திரும்புதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியில் பேய்மகளுக்கும் அதே சொல். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோன் கொல்சன் இந்நூலுக்காகவே முதுமையில் இத்தாலிய மொழி கற்று மொழிபெயர்த்தவர். அவர் பேய்மகளைத் தெரிந்துகொண்டார். 1801 இல் அது அச்சேறியது. ஆங்கிலப் பாடநூல்களில் அக்கோடு இன்றும் அன்யேசியின் சூனியக்காரிதான்.