சித்திலெவ்வைக்குக் கிடைத்த துணை

அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெவ்வை அவர்களைப் பற்றிப் பரீட்சையில் கேட்டால், இலங்கை முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சித் தந்தை என்று எழுதிப் புள்ளி வாங்கிவிடுவோம். அந்த மனிதர் எவ்வளவு களைத்திருப்பார் என்று கேட்பதில்லை. நான் அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

1838 ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். அவருடைய தந்தையே இலங்கை முஸ்லிம்களில் முதலாவது சட்டத்தரணி. மகனும் அறபு, தமிழ், ஆங்கிலம் கற்று அதே தொழிலுக்கு வந்தார். நல்ல வருமானமும் ஊரில் மதிப்பும் இருந்தன. அப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் சுற்றிலும் பார்த்தார். ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று வாப்பாமார் பயந்தார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தன் பிள்ளையின் மார்க்கத்தைக் காப்பாற்ற நினைத்த பயம் அது. என்றாலும் குர்ஆன் ஓதுவதோடு படிப்பு நின்றது. பெண் பிள்ளைகளுக்கோ எழுத்தே எட்டவில்லை. அறிவு தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்று மார்க்கம் சொல்லும்போது, இதைச் சமூக சேவையாக மட்டும் அவரால் எண்ண முடியவில்லை. அமானிதமாகவே ஏற்றார். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். சட்டத் தொழிலையும் பின்னால் விட்டுவிட்டார்.

1884 இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையைத் திறந்தார். ஆதரவு இல்லாமல் அது நிலைக்கவில்லை. ஆங்கிலம் படிக்கச் சொல்கிறாரே என்று சந்தேகப்பட்டவர்கள் வெளியார் அல்லர். ஜும்ஆவில் அதே ஸப்பில் நின்று தொழுதவர்கள். அந்நியன் எறியும் கல்லைத் தாங்கலாம். உறவினர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தாங்குவது கஷ்டம். அல்லாஹ்வுக்காக எடுத்த வேலையே பாரமாக அழுத்திய காலம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனாலும் 1885 இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ வெளிவந்தது. இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் அதுதான். கை ஓயவில்லை!

ஸூரத்துத் தாஹாவில் நபி மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் போகுமாறு ஏவப்பட்டபோது, முடியாது என்று மறுக்கவில்லை. நெஞ்சை விரிவாக்கித் தரவும், வேலையை இலேசாக்கவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும் கேட்டார்கள். அதோடு நிற்காமல், தம் குடும்பத்திலிருந்தே ஒரு துணையையும், சகோதரர் ஹாரூனையும் கேட்டார்கள். கேட்டது கொடுக்கப்பட்டது. அல்லாஹ்வின் பலம் சில வேளைகளில் ஆள் உருவில் வருகிறது என்பதை நான் அங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

சித்திலெவ்வைக்கும் அப்படித்தான் வந்தது. பிரித்தானியரிடம் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷா 1883 இல் இங்கே நாடு கடத்தப்பட்டு வந்தார். கைதியாக வந்தவர் நண்பராகி, கல்வி முயற்சிக்குத் தோள் கொடுத்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்காரும் சேர்ந்தார். 1892 இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மத்ரஸா திறக்கப்பட்டது. இன்றைய ஸாஹிறாக் கல்லூரி அதுவே.

ஆனால் ஹாரூன் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் வேறொருவர். கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று சித்திலெவ்வை பாடசாலை தொடங்கியபோது, அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவருடைய சகோதரி முத்து நாச்சியா. யோசித்துப் பாருங்கள். பெண் பிள்ளையை வாசல் தாண்ட விடாத காலம். படிப்பிக்க முஸ்லிம் ஆசிரியைக்கு எங்கே போவது? அண்ணன் மேடையில் பேசிவிட்டுப் போகலாம். நம்பிப் பிள்ளையை ஒப்படைக்க உம்மாமாருக்கு ஒரு பெண் முகம் வேண்டுமல்லவா? அந்த முகமாக அவர் நின்றார். பாடப் புத்தகங்களில் அவருக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது.

சப்ரகமுவ தோட்டப் பக்கத்திலிருந்து, பால் வெட்டுகிறவர்கள் றப்பர் மலைக்குப் போகும் நேரத்தில் பஸ்ஸுக்கு நின்று வரும் எங்களுக்கு அந்த அரை வரி பெரிது. சாதாரண தரத்தோடு நிறுத்தப்பட்ட தோழிகள் இன்றும் எங்களுக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் இந்தச் சஞ்சிகை போய்ச் சேரும் என்பதால்தான் முத்து நாச்சியாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன்.

கடைசிக் காலத்தில் சித்திலெவ்வையின் எழுத்து மெய்ஞ்ஞானத்தின் பக்கம் போனது. 1897 இல் ‘அஸ்றாறுல் ஆலம்’ நூலை வெளியிட்டார். களைப்பில் ஒதுங்கிவிட்டார் என்று சிலர் எண்ணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை வருடமும் அவரை நடத்தியது எதுவோ அதைப் பற்றித்தான் கடைசியில் எழுதினார்.

1898 பெப்ரவரி 5 ஆம் திகதி கண்டியில் வபாத்தானார். மஹியாவை மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். மருதானைப் பாடசாலைக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை.