டாக்டர் பால் பிராண்ட்

தாம்பரத்திலிருந்து பொத்தேரி வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதை செங்கற்பட்டை அடைகின்றது. அவ்வூரின் தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-ஆம் ஆண்டில் வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். அன்று அவர் கண்ட தொன்று, உலகெங்கும் எண்ணற்றோர் கைகால்களைக் காத்த பேராராய்ச்சிக்கு வித்தாயிற்று. அவரே டாக்டர் பால் பிராண்ட் ஆவார்.

இவர் 1914-ஆம் ஆண்டில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். பெற்றோர் ஆங்கில நாட்டு மிஷனெரிமார். மலைவாழ் மக்களுக்கு மருந்தும் கல்வியும் வழங்கி வந்தவர்கள். ஒன்பதாம் வயதிற் கல்வியின் பொருட்டு இவர் இங்கிலாந்து சென்றார். 1929-இல் தந்தையார் கொல்லிமலையிலேயே கொடுங் காய்ச்சலால் உயிர்நீத்தார். மைந்தர் முதலிற் கட்டடத் தொழிலும் தச்சுத் தொழிலும் பழகிப் பின்னரே லண்டனில் மருத்துவம் பயின்றார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்தில், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்பதே மருத்துவரிற் பலரும் கொண்ட கருத்து. செங்கற்பட்டில் டாக்டர் காக்ரேன் நோயாளரை ஒவ்வொருவராகக் காட்டி வருகையில், மடங்கிய விரல்களையுடைய ஒருவரிடம் பிராண்ட் தம் கையை நீட்டி, இறுகப் பற்றுமாறு வேண்டினார். பற்றிய வேகத்தில் மருத்துவர்க்கு வலித்தது. செயலற்றதாகத் தோன்றிய அக்கையினுள் வலிமை குன்றாத தசைகள் உள்ளன என்பதை அவ்வலியே அவர்க்கு உணர்த்திற்று.

வேலூர் மீண்ட பிராண்ட் ஆராய்ச்சியில் இறங்கினார். நல்ல தசையொன்றின் நாணைத் திசைமாற்றிச் செயலிழந்த விரலோடு இணைத்து, மடங்கிய கையை விரியச் செய்யும் அறுவை முறையை வகுத்தார். திசுக்களைச் சிதைக்காமல் அவற்றின் ஊடே நாணைச் செலுத்துதற்குரிய இடுக்கி ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

ஆயினும், திருந்திய கைகளிலும் புண்கள் தோன்றின. காரணம் யாதென அவர் நோயாளரை நாள்தோறும் கூர்ந்து நோக்கினார். துருவேறிய பூட்டைத் திறந்த சிறுவன் ஒருவன், தன் விரல் எலும்புவரை கிழிந்ததை அறியாதே நின்றான். உறங்குவோர் விரல்களை இரவில் எலிகள் கடித்துச் சென்றன. ஆகவே விரல்களைக் கொள்ளை கொண்டது அழுகல் அன்று, வலியுணர்ச்சியின் இழப்பே என அவர் தெளிந்தார். படுக்கையருகே பூனைகள் காவலாயின.

காலைக் காத்தற்குத் தக்க பொருள் வேண்டியிருந்தது. கடினமான தோற்செருப்புப் புண்ணை வளர்த்தது. மிக மென்மையான பஞ்சோ விரைவில் நசுங்கிப் போயிற்று. பல பொருள்களை ஆராய்ந்து, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பரைத் தேர்ந்தனர். அஃது உடலின் எடையை உள்ளங்கால் முழுவதும் பகிர்ந்து தாங்கவல்லது. வேலூரிலும், 1955-இல் தோன்றிய கரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் வளர்ந்த இம்முறை, இன்று நீரிழிவினால் கால் உணர்விழந்தோர்க்கும் துணையாகின்றது.

1966-இல் அவர் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். மெல்லிய அழுத்தமும் ஓரிடத்தே ஆயிரமுறை நேரின் புண்ணாகும் என்பதை அங்கு ஆய்ந்து நிறுவினார். கையுறைகளில் மின்னுணர்விகளைப் பொருத்திச் செயற்கை வலியை உண்டாக்கவும் முயன்றார். ஒலியும் ஒளியுமாக எச்சரித்தபோது நோயாளர் பொருட்படுத்தவில்லை; மின்னதிர்ச்சியாக எச்சரித்தபோது கருவியை நிறுத்திவிட்டனர். பெரும்பொருள் செலவிட்ட அம்முயற்சியை அவர் கைவிட்டார். யாவரும் வெறுக்கும் வலிக்கு ஈடானதோர் காவலை எவ்வறிஞராலும் ஆக்க இயலவில்லை என்பதை வெளிப்படையாக எழுதிவைத்தார். பெற்ற வெற்றிகளோடு இத்தோல்வியையும் உலகிற்கு உரைத்தமை அவர்தம் பெருமைக்குச் சான்றாகும்.

1960-இல் லாஸ்கர் விருது பெற்ற இப்பெரியார், 2003-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! பொத்தேரியில் இன்று பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் அருகருகே விளங்குகின்றன. இத்தகைய இடங்களில் புதுக்கருவியும் புதுப்பொருளும் காண விழைவோர் நம்முள் பலர். பிராண்டின் ஆராய்ச்சி, பிறர் தொட அஞ்சிய ஒரு கையைப் பற்றியதிற் றொடங்கிற்று. அதனை நாம் மறவாதிருப்போமாக.